இலைமேல் மூன்று கோடு

மாலை ஐந்து மணிக்குள் வேறு ஒரு குற்றவாளி கிடைக்காவிட்டால், ஜீவிதாதான் குற்றவாளி.

சந்திரிகா அந்தப் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தாள். அழுது ஓய்ந்த முகம் இல்லை அது. அழுவதற்கு இன்னும் நேரம் கிடைக்காத முகம். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்லும் கேஸ்களிலேயே மேற்குத் தாம்பரம் அலுவலகத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்த சந்திரிகாவுக்கு, செடிக்கு வந்த நோயைத் துப்பறியச் சொல்லி ஒருத்தி வந்து நின்றது இதுவே முதல் தடவை.

கூடுவாஞ்சேரிக்குப் பின்புறம், மனைகளாகப் பிரித்துக் கல் நட்ட நிலங்களுக்கு நடுவே அந்த விதை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் வலைக்குடிலுக்குள் மூவரும் நின்றார்கள். கொசுகூட நுழைய முடியாத நெருக்கமான வெள்ளை வலை. கயிற்றில் ஏற்றிவிட்ட முலாம்பழக் கொடிகள் எதிரெதிராக இரண்டு வரிசை. இடது வரிசை பச்சைப் பசேல் என்றிருந்தது. வலது வரிசை முழுக்கத் தேமல். மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாய் இலைகள் சுருண்டு கிடந்தன.

"இதுல எதும்மா நோயே வராத ஸ்பெஷல் செடி?" என்று கேட்டான் சிட்டிபாபு. ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஏதோ ஒரு கேஸில் சாட்சி சொல்ல வந்து, திரும்பிப் போகாமல் சந்திரிகாவின் உதவியாளனாகத் தங்கிவிட்டான்.

"வலது பக்கம்" என்றாள் ஜீவிதா.

"தோ பார்றா. வியாதி அட்ரஸ் மாறி வந்துகீது."

"சிட்டி."

"சும்மா சொன்னேன்க்கா. சாவு வூட்டுல கூட ஒரு டீ குடுப்பாங்கோ. இங்க ஒரு சிரிப்பாவது வேணாமா?"

ஜீவிதா சிரிக்கவில்லை. "டைரக்டர் சார் என்ன சொல்றார்னா, நான் லேபிளை மாத்தி வெச்சு ஏமாத்திட்டேனாம். நோய் வந்தது சாதாரணச் செடியாம், நான் கண்டுபிடிச்சதா சொன்ன ஜீனே பொய்யாம். அஞ்சு மணிக்கு விதை கம்பெனிக்காரங்களோட வீடியோ கால். அதுல சொல்லப் போறார். அதுக்கப்புறம் எந்த லேப்லயும் என்னைச் சேர்க்க மாட்டாங்க மேடம். என் பிஎச்டியையே தோண்ட ஆரம்பிப்பாங்க."

"உங்க ஜீன் என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அந்தக் கேள்வியில் அவள் குரல் மாறியது. பயந்த குரல் போய், தன் வேலையைப் பற்றிப் பேசுகிறவளின் குரல் வந்தது.

"அது ஒரு புரோட்டீனைச் செய்யுது. வாட்ச்மேன் மாதிரி வெச்சுக்குங்க. அசுவினிப் பூச்சி இலையில ஊசியைக் குத்தினதும், அதோட எச்சில்ல இருக்கிற ஏதோ ஒண்ணை இந்த வாட்ச்மேன் அடையாளம் கண்டுக்கும். உடனே சுத்தியிருக்கிற செல்லெல்லாம் கதவை அடைச்சுக்கும். சில செல் தானே செத்துக்கூடப் போகும். பூச்சி வாயில கொண்டுவந்த வைரஸ் அங்கயே மாட்டிக்கும், செடிக்குள்ள பரவாது."

"வைரஸையே பிடிச்சிடுமா?"

"இல்ல. அதுதான் விஷயம். வாட்ச்மேனுக்கு வைரஸைத் தெரியாது. கொண்டுவர்ற பூச்சியைத்தான் தெரியும்."

சந்திரிகா திரும்பிப் பார்த்தாள். "பூச்சி இல்லாம வைரஸ் தனியா வந்தா?"

"அவர் பாட்டுக்குத் தூங்கிட்டு இருப்பார். சீக்கான செடியோட சாறை எடுத்து, மாவு மாதிரி நைஸான மணலோட சேர்த்து லேப்ல இலை மேல தேய்ப்போம். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அந்த வழியா வைரஸ் போயிடும். எந்தச் செடியும் தாங்காது, இதுவும் தாங்காது." ஜீவிதா தன் செடிகளைப் பார்த்தாள். "இந்த வலைக்குள்ள பூச்சியே கிடையாது. இருந்திருந்தா இடது வரிசைதான் முதல்ல படுத்திருக்கும். யாரோ கையால ஏத்தியிருக்காங்க மேடம். சார்கிட்ட சொன்னேன். கற்பனை பண்ணாதேன்னுட்டார்."

ஆக, ஒரு சீக்குச் செடியின் சாறு வேண்டும், ஒரு பொடி வேண்டும், ஒரு கை வேண்டும். சந்திரிகா மனத்துக்குள் குறித்துக்கொண்டாள். குடிலின் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர்: ஜீவிதா, டைரக்டர் சூர்யநாராயணன், இன்னொரு ஆராய்ச்சியாளன் ஜோஸ்வின். ஜீவிதா போனால் இந்த ஆராய்ச்சி ஜோஸ்வின் கைக்கு வரும்.

நோய் பிடித்த வரிசை நெடுக அவள் மெதுவாக நடந்தாள். ஒவ்வொரு கொடியிலும் இடுப்பு உயரத்தில் ஓர் இலை இல்லை. காம்பு மட்டும் குட்டையாக நின்றது. கத்தரியால் வெட்டிய சுத்தமான வெட்டு.

"சோதனைக்கு எடுத்தீங்களா?"

"நான் நுனிக் கொழுந்தைத்தான் எடுப்பேன். இது நான் இல்ல."

கடைசிக் கொடி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றது. வெட்டியவன் கண்ணில் அது படவில்லை போலும். அதன் இடுப்பு உயரத்து இலை அப்படியே இருந்தது. அதன் மேல்பக்கத்தில் மூன்று மஞ்சள் கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, படுக்கையாக. நடுக் கோட்டில் காய்ந்துபோன ஒரு புள்ளி. மற்ற இலைகளின் தேமலுக்கு எந்த ஒழுங்கும் இல்லை. இது மட்டும் வரைந்தது போல் இருந்தது.

"இங்கதான் முதல்ல தேய்ச்சிருக்காங்க" என்றாள் ஜீவிதா மூச்சடங்கிய குரலில். "ஆனா எதுக்கு இப்படிக் கோடு கோடா?"

சந்திரிகா அந்த இலையைக் கிள்ளி ஒரு கவரில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் ஜோஸ்வின் நின்றுகொண்டிருந்தான். உயரம், இஸ்திரி கலையாத சட்டை, உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"டிடெக்டிவ் எல்லாம் வந்தாச்சா? பூச்சியைக் கைது பண்ண விலங்கு சின்ன சைஸ்ல கிடைக்குதா மேடம்?"

"சார் கைக்கு ஏத்த சைஸும் கீது. போட்டுப் பாக்கறியா?" என்றான் சிட்டிபாபு.

"நோய் தெரியறதுக்கு முன்னாடி கடைசியா எப்போ உள்ள போனீங்க?" சந்திரிகா கேட்டாள்.

"ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடி. பூஜைக்கு நான் வர்றதில்ல, பல்லாவரத்துல வீட்ல இருந்தேன். திரும்பி வந்தப்போ வெளியிலேர்ந்து பார்த்தேன், செடி நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம்தான் இப்படி." அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, ஜீவிதாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அந்த நிறுத்தம் சந்திரிகாவுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இவனாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பத் தொடங்கிவிட்டாள். இந்தத் தொழிலில் அவளுக்கு அவள் மேலேயே பயம் வருவது இந்த இடத்தில்தான். ஒரு முகம் எரிச்சலூட்டினால் போதும், தடயங்கள் தாமாக அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். அது தடயத்தின் குணம் இல்லை, பார்க்கிற மனத்தின் குணம். அவள் சிரிப்பில்லாமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஜீவிதாவும் பின்னாலேயே வந்தாள்.

சிட்டிபாபுவின் ஆட்டோ வேப்பமர நிழலில் நின்றது. அதன் முன்கண்ணாடிக்குக் கீழே அவள் பார்வை நின்றுவிட்டது. ஆயுத பூஜைக்குப் போட்ட விபூதிப் பட்டை வெயிலிலும் மழையிலும் மங்கி, மூன்று கோடுகளாக மிச்சம் இருந்தது. நடுவில் குங்குமப் பொட்டின் தடம்.

அவள் மூன்று விரல்களை நீட்டி அந்தக் கோடுகளின் மேல் வைத்தாள். பிறகு கவரிலிருந்து இலையை எடுத்து அதன் மேலும் வைத்தாள்.

"இன்னாக்கா, ஆட்டோவுக்குக் கைரேகை பாக்கறியா?"

"சிட்டி, செடிக்கு யாரோ பட்டை போட்டிருக்காங்க."

அவன் வாய் திறந்தபடி நின்றது. பிறகு அவனும் குனிந்து ஆட்டோவின் பட்டையைப் பார்த்தான்.

"விபூதி!" என்றாள் ஜீவிதா. "அதுவும் நைஸான பொடிதான். மணலுக்குப் பதிலா அது போதும். செடிக்குத் தண்ணி தெளிச்சதும் பட்டை அழிஞ்சிருக்கும். ஆனா சாறு? விபூதியைத் தண்ணியிலதானே குழைப்பாங்க. சீக்குச் செடி எங்கிருந்து வந்தது?"

"முலாம்பழத்துக்குச் சொந்தக்காரங்க யாரு?"

"வெள்ளரி, சுரை, பீர்க்கு, பூசணி... இந்த வைரஸ் எல்லாத்துக்கும் வரும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். இருவரும் ஒரே சமயத்தில் கேட்டைப் பார்த்தார்கள். கேட்டுக்கு முன்னால் தார்ச் சாலையில், தேய்ந்துபோன ஒரு சிவப்புக் கறை.

"திருஷ்டிப் பூசணி" என்றாள் சந்திரிகா. "காய் யார் கொடுத்தது?"

"குமரவேல் அண்ணா. இந்த நிலத்தோட ஓனர். பெருங்களத்தூர்ல அவர் வீட்டுத் தோட்டத்துல காய்க்கும், வருஷா வருஷம் அங்கிருந்துதான் வரும். அன்னிக்கு நான் ஊர்ல இல்ல மேடம்."

"நீங்க இங்கயே இருங்க. நாங்க வர்றவரைக்கும் கால் ஆரம்பிக்க விடாதீங்க."

"நான் எப்படி மேடம் நிறுத்த முடியும்?"

சந்திரிகா அதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டிருந்தாள்.

தாம்பரத்தை நோக்கிப் போகும் ஜி.எஸ்.டி. சாலை காலியாக இருந்தது. எதிர்ப்பக்கம் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம். பஸ், கார், பஸ்ஸின் மேல் மூட்டை என்று வண்டலூர் வரைக்கும் அசையாமல் நின்றது.

"திரும்பி வரசொல்ல நாமளும் இதுலதான் மாட்டணும்" என்றான் சிட்டிபாபு. "செம பேஜாருக்கா."

குமரவேலின் வீடு நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவில் பழைய ஓட்டு வீடாக இருந்தது. அந்தக் கட்டடங்கள் எல்லாம் அவருடைய வயலில் எழுந்தவை. கொல்லைச் சுவர் மேல் வெண்பூசணிக் கொடி படர்ந்திருந்தது. சந்திரிகா கிட்டே போய்ப் பார்த்தாள். அதே திட்டு, அதே சுருளல். காய்களெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தன.

"கொடிக்கு இன்னா ஆச்சு அண்ணா? அம்மை போட்ட மாரி கீது?" என்று ஆரம்பித்தான் சிட்டிபாபு.

"இந்த வருசம் அப்படித்தாம்பா. மாடியில கீறவங்க எல்லாம் ஏசி தண்ணிய இதும்மேல வுடறாங்க, அதனாலயோ இன்னாவோ" என்றார் குமரவேல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தின்பண்டப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "கறிக்கு ஆவாத காய். கசக்குது. உடைக்கிறதுக்குத்தானேன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்கு ஒண்ணு குடுத்து அனுப்சேன். உடைக்கிற காய்க்கு அழகு எதுக்கு?"

சந்திரிகா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். உடைக்கிற காய்தானே! எத்தனை வீடுகளில், எத்தனை கடை வாசல்களில் இதே நினைப்போடு ஒதுக்கிய காயை எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேட்டைத் தவிர.

"அங்கே பூஜை பண்ணினது யார்? நீங்களா?"

"நானா? நான் பம்புசெட்டுக்குப் பொட்டு வெச்சதோட சரி. பூசணிக்காய்னா டாக்டர் சாருதான். யாரையும் தொட வுட மாட்டாரு. காயில ஓட்டை போட்டு, குங்குமத்தைக் கொட்டி, கையை உள்ள வுட்டுப் பெசைஞ்சு, கற்பூரம் ஏத்தி, சுத்தி உடைச்சாரு. அந்தக் கையோட விபூதியக் குழைச்சு வேன், மோட்டாரு, கேட்டு அல்லாத்துக்கும் பட்டை போட்டுகினு இருந்தாரு. நான் பொரிய வாங்கினு கிளம்பிட்டேன். ஏம்மா, எதனா பிரச்சனையா?"

"டாக்டர் சூர்யநாராயணனா?"

"அவருதான். பெரிய படிப்பு, ஆனா சாமி விசயத்துல நம்மள மாரி. தங்கமான மனுசன்."

தெற்கே திரும்பும் சாலை நகரவில்லை. பெருங்களத்தூர் சந்திப்பில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இருவரும் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். வந்த மின்சார ரயிலில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. யாருடைய பட்டாசுப் பையோ சிட்டிபாபுவின் நெஞ்சில் அழுந்திக்கொண்டிருந்தது.

"நான் இப்ப சிகரெட் புடிச்சா, இந்தப் பெட்டியே தீபாவளிதான்" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "முடிஞ்சு போச்சேக்கா. சாரு தெரியாம பண்ணிட்டாரு. நம்ம ஆபீஸ் செடியாச்சே, அதுக்கும் ஒரு பட்டை போடுவோம்னு போட்டாரு. அதான் ஸ்பெஷல் வரிசைக்கு மட்டும் போட்டுகிறாரு. போய்ச் சொன்னா, ஐயையோன்னு சொல்ட்டு அந்தப் பொண்ணை வுட்டுடுவாரு."

"போட்டது தெரியாமத்தான். செடிக்குக் கெடுதல் நினைக்கிறவன் ஒவ்வொரு செடிக்கும் நின்னு நிதானமாப் பட்டை போட மாட்டான். வெறுப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது." ரயில் வண்டலூரில் நின்றது. அவள் கம்பியைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள். "ஆனா பட்டை போட்ட இலையை எல்லாம் வெட்டி எடுத்தது யாரு?"

சிட்டிபாபு விழித்தான்.

"குமரவேலுக்குப் பக்தி இருக்கு. எந்த இலை வழியா வைரஸ் போச்சுன்னு அவருக்குத் தெரியாது. ஜோஸ்வினுக்கு அது தெரியும், ஆனா அவன் பட்டை போட மாட்டான். பட்டை போடவும் தெரிஞ்சு, அது என்ன பண்ணிச்சுன்னும் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் சிட்டி. நோய் வந்ததும் அவர் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கார். பார்த்த நிமிஷமே எல்லாம் புரிஞ்சிருக்கும். அப்புறம்தான் கத்தரியை எடுத்திருக்கார்."

"அப்ப அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலைன்னு..."

"அவருக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

பட்டாசுப் பையோடு நின்றவர் இறங்கிப் போனார். சிட்டிபாபு கைபேசியில் மணி பார்த்தான்.

பணத்துக்காகப் பொய் சொல்கிறவர்களைச் சந்திரிகா நிறையப் பார்த்திருக்கிறாள். அவர்கள் எங்காவது ஓரிடத்தில் சோம்பேறித்தனமாக ஒரு ஓட்டையை விட்டுவைப்பார்கள். வெட்கத்துக்காகப் பொய் சொல்கிறவர்கள் அப்படி இல்லை. சுத்தமாகச் செய்வார்கள். வெளியாட்களிடமிருந்து மறைப்பதற்கு முன்னால், தங்களிடமிருந்தே அதை மறைத்தாக வேண்டுமே.

அவர்கள் மூச்சிரைக்க உள்ளே நுழைந்தபோது மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அழைப்பு இன்னும் இணையவில்லை. சூர்யநாராயணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது, நெற்றியில் கோணாத விபூதி. ஜோஸ்வின் ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஜீவிதா சுவரோரம் நின்றாள்.

"இது ஆபீஸ் மீட்டிங். நீங்க வெளிய இருங்க" என்றார்.

சந்திரிகா இலையை மேசை மேல் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"தொட்டிக்குப் பின்னால ஒண்ணு தப்பிச்சிருந்தது சார். இந்தக் கோட்டு மேல உங்க மூணு விரலை வெச்சுப் பாருங்க. பொருந்தலைன்னா நாங்க போயிடறோம்."

அவர் விரல்கள் மேசை விளிம்பில் இருந்தன. நகரவில்லை. கோபப்படுவார் என்று சந்திரிகா எதிர்பார்த்தாள். அவர் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்த ஒருவரின் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"குமரவேல் வீட்டுப் பூசணிக்கொடியையும் பார்த்துட்டு வர்றோம்" என்றாள்.

"சார்" என்றான் ஜோஸ்வின் திடீரென்று. இப்போது அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "வலது வரிசையை நான் தனியா டெஸ்ட் பண்ணி உங்ககிட்ட கொடுத்தேன். எல்லாச் செடியிலயும் ஜீன் இருக்குன்னு சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. காரணம் இருக்கும்னு நினைச்சேன். ஜீவிதா, சாரி. நான் சொல்லியிருக்கணும்."

ஜீவிதா அவனைப் பார்க்கவில்லை. டைரக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களா சார்?"

"நல்லா வரணும்னுதாம்மா போட்டேன்" என்றார் அவர். குரல் தேய்ந்திருந்தது. "உன் செடி. நம்ம எல்லாரோட செடி. முப்பது வருஷமா வைராலஜி படிச்சவன், பூசணிக்காய்க் கையோட போய் இலையைத் தேய்ச்சேன்னு எப்படிச் சொல்றது? முதல் வருஷப் பையன்கூடச் சிரிப்பான்."

மடிக்கணினி அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியது. அவர் அவசரமாக முன்னால் குனிந்தார்.

"டெக்னிக்கல் எரர்னு சொல்லிடறேன். லேபிள் விஷயத்தைப் பேசவே மாட்டேன். யார் பேரும் வர வேண்டாம் ஜீவிதா. உன் பேரும் வராது, என் பேரும் வராது. போதுமா?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிட்டிபாபு சந்திரிகாவைப் பார்த்தான். அவள் தலையசைக்கவில்லை. இது அவள் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

"யார் பேரும் வரலைன்னா, என் பேர்தான் வரும் சார்" என்றாள் ஜீவிதா.

அவள் கை நீட்டி அழைப்பை இணைத்தாள்.

திரையில் நான்கைந்து முகங்கள். வணக்கங்கள், தீபாவளி வாழ்த்துகள். பிறகு எல்லோரும் காத்திருந்தார்கள். சூர்யநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். சந்திரிகாவுக்கு அந்த நேரம் நீளமாகப் பட்டது. இவர் மறுபடியும் பொய் சொன்னால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

"செடி தோற்கலை" என்றார் அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு மாறி. "ஜீவிதாவோட வேலையில ஒரு தப்பும் இல்ல. லேபிள் எல்லாம் சரி. அந்த ஜீன் பூச்சி கொண்டுவர்றதைத்தான் தடுக்கும். இங்க நோயை ஏத்தினது பூச்சி இல்ல. நான். என் கை."

"புரியலையே டாக்டர். எப்படி?" என்று திரையில் ஒருவர் கேட்டார்.

அவர் சொன்னார். பூசணிக்காய், குங்குமம், விபூதி, எதையும் விடாமல். இலைகளை வெட்டி எறிந்ததையும் சொன்னார். திரையின் ஒரு மூலையில் யாரோ சிரித்துவிட்டு அவசரமாக ஒலியை அணைத்தார்கள்.

அவ்வளவுதான். அவர் பயந்தது அந்த ஒரு சிரிப்புக்குத்தான். ஒரு நொடிகூட இல்லை அது. அதிலிருந்து தப்புவதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையையே தூக்கிக் கொடுக்கப் பார்த்தார். வில்லன் ஒருவனைத் தேடி வந்த சந்திரிகாவுக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மேசை மேல் கிடந்த இலையை எடுத்துக் கவரில் போட்டுக்கொண்டாள்.

புதிய நாற்றுகளை வைத்து, தங்கள் ஆள் ஒருவர் முன்னிலையில் அசுவினியை விட்டு மறுபடி சோதனை செய்துகாட்டினால் ஒப்பந்தம் தொடரும் என்று சொல்லிவிட்டு அவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள்.

ஜீவிதாவுக்கு யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. அறையை விட்டு நேராகக் குடிலுக்குப் போனாள். சந்திரிகா பின்னால் போனபோது, அவள் கையுறை மாட்டிக்கொண்டு வலது வரிசையின் முதல் கொடியை வேரோடு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் பிடுங்கணுமா?" என்றான் சிட்டிபாபு. "நிரபராதின்னு தெரிஞ்சப்புறமுமா?"

"வைரஸ் உள்ள இருக்கு அண்ணா. இடது வரிசைக்கும் போயிடும். எல்லாத்தையும் எரிச்சாகணும்." கொடி கயிற்றிலிருந்து விடுபட்டு அவள் தோளில் சரிந்தது. பிஞ்சுக் காய் ஒன்று அதில் ஆடியது. இப்போதுதான் அவள் கண்கள் நிறைந்தன.

சிட்டிபாபு ஒரு சாக்கைப் பிரித்துப் பிடித்தான். ஜோஸ்வின் அடுத்த கொடியின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

குடிலின் வாசலில் நிழல் விழுந்தது. சூர்யநாராயணன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். குனிந்த தலையோடு மூன்றாவது கொடியை நோக்கிக் கை நீட்டினார்.

ஜீவிதா நிமிரவில்லை. இழுத்த கொடியைச் சாக்கில் திணித்தபடியே சொன்னாள்:

"கையைக் கழுவிட்டு வாங்க சார்."